நம் காலடியில் ஒரு தொன்மையான மையவாடி



தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் எத்தனையோ முறை பயணம் செய்திருப்பீர்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறையும். இடையே கரும்பாறைக் குன்றுகள் தலைகாட்டும். விமான நிலையத்தின் நீண்ட ஓடுபாதை தெரியும். அந்தக் குன்றுகளின் அடிவாரத்திலும், அவற்றைச் சூழ்ந்த செம்புரை மேடுகளிலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மக்கள் தம் மைய்யித்துகளை அடக்கம் செய்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் வீடு கட்டிக் குடியிருக்கும் தெருவின் அடியிலேயே ஒரு மையவாடி இருக்கக்கூடும் என்று யார்தாம் எண்ணிப் பார்க்கிறோம்?

தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் புறப்படும் கிளாம்பாக்கம் முனையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் இறுதியில் அது திறக்கப்பட்டது. பெருநாளைக்கு ஊருக்குச் செல்வோர் பெட்டி படுக்கையோடும் பிள்ளை குட்டிகளோடும் அங்கே காத்துக் கிடப்பதைப் பார்க்கிறோம். அதையொட்டிய நிலத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பெருங்கற்காலப் புதைவிடம் ஒன்று இருக்கிறது. அதன் காரணமாகவே முனையத்து நிலத்தின் ஒரு பகுதியில் கட்டடம் எழுப்ப இயலாமற் போய், அதைப் பூங்காவாக்கும் திட்டம் உருவாயிற்று. பேருந்து எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கூப்பிடு தூரத்தில், காலக்கணக்கையே கடந்து சிலர் உறங்குகின்றனர்.

பல்லாவரத்துச் சரளைக் குழி

இந்தியத் துணைக்கண்டத்தின் தொல்பழங்கால ஆய்வு நம்முடைய இந்தப் புறநகரில்தான் தொடங்கிற்று என்றால் வியப்பாக இருக்கும். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேய நிலவியலாளர் பல்லாவரத்து இராணுவ மைதானத்தின் அருகே தோண்டப்பட்டிருந்த செம்புரைச் சரளைக் குழியொன்றில் கைக்கோடரி போலச் செதுக்கப்பட்ட கல்லொன்றைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கருவி அது என்பதை அவருடைய பயின்ற கண் உடனே உணர்ந்துகொண்டது. அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கிடைத்தன. அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஃபூட் வாழ்நாளெல்லாம் திரட்டிய சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிக்கொண்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஃபூட் கண்டெடுத்த கோடரிக்கும், நாம் பேசவந்த புதைகுழிகளுக்கும் உறவு எதுவுமில்லை. முன்னது பழைய கற்காலம். அம்மக்கள் வேட்டையாடியும் காய்கனி பொறுக்கியும் வாழ்ந்தவர்கள். பின்னது இரும்பை உருக்கத் தெரிந்த, சக்கரத்தில் பானை வனையத் தெரிந்த, பயிரிட்டும் கால்நடை வளர்த்தும் வாழ்ந்த மக்களின் காலம். இடையே இருப்பது இலட்சக்கணக்கான ஆண்டுகளின் இடைவெளி. ஒரே மண், ஒரே செம்புரை மேடு என்பது மட்டுமே இரண்டுக்கும் பொது.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிக் கரும்பாறைக்கு நிலவியலார் சார்னோகைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்கத்தா நகருக்கு அடிகோலியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் இந்தப் பாறையால் ஆனது. அதனாலேயே தாமஸ் ஹாலண்டு என்பவர் 1893இல் அந்தப் பெயரை இட்டார். கும்பினிக்காரருக்கு முன்பே, பெயர் தெரியாத அந்தப் பழைய மக்களும் இதே பாறையைத்தான் தம் இறந்தோரின் தலைமாட்டில் வட்டமாக அடுக்கினார்கள். கல்லறைக்கென்றே படைக்கப்பட்ட கல்லோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அடக்கம் செய்த முறை

முதலில் தரையில் ஒரு குழி தோண்டினார்கள். செம்புரை மண் தோண்டும்போது ஓரளவு இளகியிருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் இயல்புடையது. குழியின் சுவர் சரிந்து விழாது. நீரும் தேங்காது, வடிந்துவிடும். விளைச்சலுக்கு அவ்வளவாக உதவாத மேட்டு நிலம் என்பதால் உழவுக்கும் இழப்பில்லை. குழிக்குள் ஈமப்பேழை அல்லது தாழியை இறக்கி, அதனுள்ளும் சுற்றிலும் கிண்ணம், தட்டு, சாடி முதலிய கலங்களையும் இரும்புக் கருவிகளையும் வைத்தார்கள். பிறகு மண்ணிட்டு மூடி, அதன்மேல் சரளையும் சிறு கற்களும் குவித்து மேடாக்கி, சுற்றிலும் உருண்டைப் பாறைகளை வட்டமாகப் பதித்தார்கள். அதையே கல்வட்டம் என்றும், மேட்டைக் கற்குவை என்றும் ஆய்வாளர் அழைக்கின்றனர். பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல் மூடி, நிலத்துக்குள் அறைபோல் அமைத்தால் அது கற்பதுக்கை. நிலத்துக்கு மேலே அவ்வாறு அமைந்தால் கல்திட்டை. சிலவற்றில் ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமான துளை இருக்கும், இடுதுளை என்பார்கள்.

பல்லாவரத்தின் தனிச்சிறப்பு ஈமப்பேழை. சுட்ட மண்ணாலான தொட்டியொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியைப் போல நீண்டிருக்கும். ஆனால் அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள். மேலே பொருத்துவதற்கு மூடி. 1880களில் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீ என்பவர் பல்லாவரத்தில் இத்தகைய பேழைகளைக் கண்டறிந்து 1888இல் அதைப் பற்றி எழுதினார். பின்னர் அவரே ஆதிச்சநல்லூரிலும், 1908இல் அச்சிறுபாக்கத்துப் பக்கம் பெரும்பேரிலும் அகழ்ந்தார். நாடு விடுதலை பெற்றபின் 1950இலும் 1952இலும் மதுராந்தகத்தை அடுத்த சானூரில் மத்தியத் தொல்லியல் துறையார் அகழாய்வு நடத்தினர். செங்கற்பட்டு வட்டாரம் முழுவதும், குன்றத்தூர், சிறுதாவூர் உட்பட, இத்தகைய புதைவிடங்கள் சிதறிக் கிடப்பது இவ்வாறு சிறிது சிறிதாகத் தெரியவந்தது.

மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பெரும்பாலான குழிகளில் முழு உடல் கிடைப்பதில்லை. பொறுக்கி எடுக்கப்பட்ட எலும்புகளே கிடைக்கின்றன. ஒரே குழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் உண்டு. அதாவது இறந்தவரை முதலில் வேறோரிடத்தில் கிடத்தியோ புதைத்தோ வைத்து, தசை அழிந்த பிறகு எலும்புகளைத் திரட்டிவந்து இரண்டாம் முறையாக அடக்கம் செய்திருக்கிறார்கள். பேழை செய்ய வேண்டும், பாறைகளை உருட்டி வர வேண்டும், உற்றார் கூட வேண்டும். ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகிற வேலையா இது? ஊரே கூடியிருக்க வேண்டும். மௌத்து நிகழ்ந்த அன்றே கஃபனிட்டு, தொழவைத்து, பொழுது சாய்வதற்குள் அடக்கிவிட்டுத் திரும்பும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் ஒருவர் இறந்தால் ஊர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து தோள்கொடுக்க வேண்டும் என்ற கடமை அவர்களிடத்திலும் இருந்தது என்பதையே அந்தப் பாறைகள் காட்டுகின்றன.

குழிகளில் கிடைக்கும் பானைகளைப் பற்றித் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். அவை உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு, வெளியே சிவப்பு. இரு வேறு வண்ணம் தீட்டியதல்ல அது. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, உள்ளே காற்றுப் புகாத பகுதி கறுத்தும், காற்றோட்டம் உள்ள வெளிப்பகுதி சிவந்தும் போகிறது. அதன்மேல் வழவழப்பாகத் தேய்த்திருப்பார்கள். சமையற்கட்டில் இன்று நாம் வைத்திருக்கும் எந்த மண்சட்டிக்கும் இந்த நேர்த்தி இல்லை என்றே சொல்வேன். சில கலங்களில் கீறல் குறிகள் உண்டு. அவை உடைமைக் குறியா, குலக் குறியா, வேறெதுவுமா என்பதில் அறிஞர் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

பாட்டி சொன்ன கதையும் புலவர் சொன்ன செய்தியும்

முதுமக்கள் தாழி என்றதும் ஊர்ப்புறத்து மூதாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். அக்காலத்தில் மனிதருக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏற உடல் குறுகிக் குழந்தையளவு ஆகிவிடுவார்களாம். மாடத்தில் தூக்கி வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாமற் போனதும், சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்களாம். பாண்டவர் வனவாசத்தில் ஒளிந்திருந்த குழி என்று சொல்லும் ஊர்களும் உண்டு. குள்ளர் வீடு என்று சொல்லும் ஊர்களும் உண்டு. நம்மவர் சிலர் ஜின்கள் குடியிருக்கும் இடம் என்று பிள்ளைகளை அச்சுறுத்துவதையும் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாமல் தடுத்த வகையில் அந்தப் பயமுறுத்தலால் கல்வட்டங்களுக்கு நன்மையே விளைந்திருக்கும்!

கதைகளை விட்டுப் பழைய நூல்களுக்கு வந்தால், செய்தி தெளிவாகவே கிடைக்கிறது. புறநானூற்றில் இரு பாடல்கள் குயவனை விளித்துப் பாடப்பட்டவை. ஒன்றில் (228) சோழ மன்னன் ஒருவன் இறந்துபட, அத்தகைய பெரியோனைக் கவிக்கும் அளவுக்குத் தாழி வனைய உன்னால் இயலுமா என்று புலவர் குயவனைக் கேட்கிறார். மற்றொன்று (256) கணவனை இழந்த பெண்ணொருத்தியின் கூற்று: தனக்கும் சேர்த்து இடமிருக்கும்படித் தாழியைச் சற்று அகலமாகச் செய்யுமாறு குயவனிடம் இரந்து நிற்கிறாள். அதைப் படித்தபின் அருங்காட்சியகத்தில் ஒரு தாழியைப் பார்த்தால், வெறும் மண்பாண்டமாகத் தோன்றுமா? மணிமேகலையும் இறந்தோரைச் சுடுவது, வெறுமனே இடுவது, குழிதோண்டிப் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது எனப் பலவகை வழக்கங்கள் ஒரே நகரத்தில் அக்கம்பக்கமாக இருந்ததைச் சொல்கிறது. ஒருவர் வழக்கத்தை மற்றவர் பொறுத்துக்கொண்ட ஊர் அது.

காலத்தை அளப்பது எப்படி?

பொதுவாக இப்புதைவிடங்களைக் கி.மு. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர் சொல்லிவந்தனர். எவ்வாறு கணித்தார்கள்? உயிருள்ள எதுவும் காற்றிலிருந்து கரியை ஏற்கிறது. அதில் சிறு பகுதி கதிரியக்கக் கரி. உயிர் போனதும் ஏற்பது நின்று, இருப்பது சிதையத் தொடங்குகிறது. 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். மிச்சத்தை அளந்தால் இறந்த காலம் தெரியும். கரித்துண்டோ நெல்மணியோ கிடைத்தால் இந்த முறை. எதுவும் கிடைக்காவிட்டால், மணலும் பானையோடும் கடைசியாக வெயிலையோ நெருப்பையோ கண்ட காலத்தை ஒளிர்வு முறையால் அளக்கிறார்கள்.

இந்த அளவைகளால் அண்மைக் காலத்தில் பழைய கணக்குகள் ஆட்டங்கண்டிருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, அதே சிவகளையில் இரும்புடன் கிடைத்த பொருள்களின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகக் கூறி உலகின் கவனத்தை ஈர்த்தது. பெருமிதம் கொள்வதில் தவறில்லை. ஆனால் ஓர் ஊரின் கணக்கு மற்ற ஊர்களிலும் உறுதிப்பட வேண்டும் என்று அறிஞர் சிலர் கேட்பதும் நியாயமே. சிவகளையின் வயதைத் தூக்கிப் பல்லாவரத்தின் தலையில் வைத்துவிடக் கூடாது. கீழடியை அடுத்த கொந்தகைப் புதைவிடத்து மண்டையோடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றின் துணையோடு இருவர் முகங்களை வரைந்து 2025இல் வெளியிட்டார்கள். பார்த்தால் நம் தெருவில் நடமாடும் யாரோ ஒருவர் போலவே இருக்கிறது!

வாழ்வோர் நிலமும் மாண்டோர் நிலமும்

புதைகுழி ஒன்றை மட்டும் தோண்டிப் பார்ப்பது பழைய முறை. இன்றைய ஆய்வாளர் சுற்றியுள்ள நிலம் முழுவதையும் ஒரு நூலைப் போலப் படிக்கிறார்கள். குன்று எங்கே, ஏரி எங்கே, ஓடை எங்கே, கல்வட்டங்கள் எந்தச் சரிவில், எதைப் பார்த்தபடி அமைந்தன? இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சு கல்வட்டத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டர் பரப்பில் புதைமேடுகள் நிறைந்திருப்பதைக் கண்டபின், அந்த நிலப்பரப்பு முழுவதும் சடங்குக்குரியதாக விளங்கிற்று என்று எண்ணத் தலைப்பட்டனர். நம் பக்கத்திலும் இந்தப் பார்வை பொருந்துகிறது. குன்றின் அடியில் சரளை மேடு இறந்தோருக்கு. அதற்குக் கீழே நீர் தேங்கும் பள்ளமும் வண்டல் நிலமும் உயிரோடிருப்போருக்கு. பிற்காலத்தில் அந்தப் பள்ளங்களைக் கரைகட்டி ஏரியாக்கினார்கள். பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் வட்டாரத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பாருங்கள். குன்றும் ஏரியும் மாறி மாறி வருவது கண்ணுக்குப் புலப்படும்.

ஒரே குன்றை அடுத்தடுத்து வந்த மக்கள் தத்தம் புனித இடமாகக் கொள்வதும் இங்கே நிகழ்ந்திருக்கிறது. பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில், அவனுடைய விருதுப்பெயர்கள் பொறித்த கல்வெட்டோடு, பிற்காலத்தில் தர்காவாயிற்று. தர்கா குறித்து நம்மிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை இங்கே கிளற நான் விரும்பவில்லை. பெருங்கற்கால மக்கள், பல்லவர், முஸ்லிம்கள் என எவர் வந்தாலும் அக்குன்று அவர்களைத் தன்பால் ஈர்த்தது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

நம் சமுதாயத்துச் சகோதரர் பலர் பொருளீட்டச் சென்ற பஹ்ரைன் தீவை இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டும். அங்கே ஆலி என்னும் ஊர்ப் பக்கம் சென்றவர்கள், வீடுகளுக்கு நடுவே பெரும் மண்மேடுகள் நிற்பதைக் கண்டிருப்பார்கள். தில்முன் நாகரிகத்து மக்களின் கப்றுகள் அவை, கி.மு. 2200க்கும் 1750க்கும் இடைப்பட்டவை. 21 இடங்களில் ஏறத்தாழ 11,774 மேடுகள் எஞ்சியிருக்கின்றன. மேடாகத் தெரிந்தாலும் முதலில் குட்டையான உருளைக் கோபுரங்களாகக் கட்டப்பட்டவை. அரசர்க்குரியவை இரண்டு அடுக்கு. சாலைக்கும் குடியிருப்புக்கும் எத்தனையோ மேடுகளை இழந்த பிறகே, எஞ்சியவற்றை அந்நாடு காக்க முனைந்தது. 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அவை இடம்பெற்றன. இஸ்லாத்துக்கு முற்பட்ட மக்களின் கப்றுகளை ஒரு முஸ்லிம் நாடு தன் சொத்தாக மதித்துப் பேணுகிறது என்பதை, ‘காபிர்களின் பழங்குழி நமக்கெதற்கு?’ என்று கேட்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

மனைவாங்கியவரின் கண்ணீர்

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

1958ஆம் ஆண்டுப் பழஞ்சின்னச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி, மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடமே கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுவதானால் உரிய அனுமதி பெற்றாக வேண்டும். கோபுரமும் கோட்டையும் எதிரே நிற்கும் ஊரில் இந்தச் சட்டத்தின் நோக்கம் எல்லாருக்கும் விளங்கும். கண்ணுக்குத் தெரியாத குழிக்காக, ஐம்பது ஆண்டுகளாக வீடுகள் நெருங்கியிருக்கும் பல்லாவரம் போன்ற ஊரில், மாடி எடுக்கக் கூடாது என்று சொன்னால் மக்கள் திகைக்க மாட்டார்களா? வளைகுடாவில் வெயிலில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒன்றரை கிரவுண்டு மனை வாங்கி, மகள் திருமணத்துக்கு முன் வீடு கட்டிவிடலாம் என்றிருந்த ஒருவர், விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதை நான் அறிவேன். விற்றவர் விவரத்தைச் சொல்லவில்லை. வாங்கியவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். புதைவிடம் இருக்கும் இடத்தை அகழ்ந்தோ, நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் கருவி கொண்டோ ஆராய்ந்து, குழிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அளந்து எல்லைக்கல் நடுவது அரசின் கடமை. அளந்தபின் எஞ்சிய நிலத்தை மக்களுக்கு விடுவிக்கலாம். குழிகள் உள்ள இடத்தை வேலியிட்டு, பலகை நட்டு, பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கும்படிச் செய்யலாம். அளக்காமலே தடுத்து வைப்பதால் என்ன நேர்கிறது? அடித்தளம் தோண்டும்போது பேழை தட்டுப்பட்டால், ‘சொன்னால் வேலை நின்றுவிடும்’ என்ற அச்சத்தில் இரவோடிரவாக உடைத்து மூடிவிடுகிறார்கள். சட்டம் எதைக் காக்க வந்ததோ அதையே அழிப்பதற்கு அந்த அச்சம் காரணமாகிறது. கல்குவாரிகள் விழுங்கியவை, செம்புரை மண் லாரிகள் அள்ளிச் சென்றவை, ஜே.சி.பி. சமன்செய்தவை ஆகியவற்றுக்குக் கணக்கே இல்லை. வட்டமாய்க் கிடந்த பாறைகள் சுற்றுச்சுவருக்கு அடித்தளமாயின.

புதையல் வெறியர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழியில் பொன் இருக்கும் என்று தோண்டுவோர் இன்றும் உளர். நம் வட்டாரத்துக் குழிகளில் கிடைப்பவை துருப்பிடித்த இரும்பு, மண்பானை, சில மணிகள் ஆகியவையே. தங்கத்தைத் தேடி அவர்கள் உடைத்தெறியும் அந்த ஓட்டுச் சில்லுதான் ஆய்வாளருக்குத் தங்கம்.

நம் மையவாடிச் சுவர் ஓரடி நகர்ந்தால் என்ன செய்கிறோம்? ஜமாஅத் கூடுகிறது, மனு போகிறது, வழக்கு நடக்கிறது. செய்ய வேண்டியதுதான். நம் தாய் தந்தையர் உறங்கும் மண் அது. ஜியாரத்துக்குச் செல்லும் இடம் அது. அந்தப் பழைய மக்களுக்காக மனுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் யார் என்று கேட்டால், இந்த மண்ணில் பிறந்த நம் எல்லாருடைய இரத்தத்திலும் அவர்களின் பங்கு இருக்கக்கூடும். ஆதம் நபியின் மகன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று அறியாது நின்றபோது, காகமொன்று மண்ணைத் தோண்டி வழிகாட்டிய வரலாற்றைத் திருமறை கூறுகிறது. அடக்கம் என்பது மனித குலம் முழுமைக்கும் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதும், அவர் யூதர் என்று தோழர்கள் சொன்னபோது அதுவும் ஓர் உயிர்தானே என்னும் பொருள்பட வினவியதும் நாம் அறிந்த ஹதீஸ். எந்தத் தூதரின் அழைப்பு அவர்களை எட்டியது, அவர்களின் மறுமை என்ன என்று வகுப்பில் மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அந்த ஞானம் அல்லாஹ்விடம் உள்ளது. எலும்புகளுக்கு மரியாதை செய்வது மட்டுமே நம் பொறுப்பு.

நடைமுறையில் என்ன செய்யலாம்? பல்லாவரம், கிளாம்பாக்கம் போன்ற ஊர்களில் மனை வாங்கும் முன்பு, அது பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் மத்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள். கிணறோ அடித்தளமோ தோண்டும்போது தாழி, பேழை, கறுப்பு சிவப்புப் பானை தட்டுப்பட்டால் கடப்பாரையைக் கீழே வையுங்கள். கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள், உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். அந்த மண்ணில்தான் நெல்லும் கரியும் இருக்கும். இருக்கும் நிலையிலேயே படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள். எழும்பூர்த் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கும் சொல்லலாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டியது கட்டாயம். மறைத்தால் தண்டனை உண்டு.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். ஆதிச்சநல்லூரின் பொருள்களோடு பல்லாவரத்து ஈமப்பேழையும் அங்கே உண்டு. அதன் குட்டைக் கால்கள் எத்தனை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். நம் மதரஸாக்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; அருங்காட்சியகத்துக்கும் அதே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை! ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்லாவரத்தில் ரயிலேறுவதே உத்தமம்.